உடம்புக்குள் போன ஸ்டெம் செல் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பலன் உண்டா, இல்லையா? அதற்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஊசி வழியாக உள்ளே போன செல்கள் அடுத்த வாரம் வரைக்குமாவது உயிரோடு இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் சுண்டெலிகளின் இதயத்தில் செலுத்திவிட்டு, நான்காம் நாள் எண்ணிப் பார்த்தார்கள். மிச்சம் இருந்தது 0.44 சதவீதம். ஆயிரம் செல் போனால் நாலு அல்லது ஐந்து. இத்தனைக்கும் அந்நியச் செல்லைத் தாக்கி அழிக்கும் எதிர்ப்புச் சக்தி பெரிதும் இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகள் அவை.

இந்த ஒரு எண் தெரியாமல்தான் ஒரு பக்கம் "ஸ்டெம் செல் போட்டால் இதயமே புதிதாக வளரும்" என்றும், இன்னொரு பக்கம் "எல்லாம் ஏமாற்று வேலை" என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் "மரபணு மாற்றிய ஸ்டெம் செல்" என்று ஒரு செய்தி வந்துவிட்டால், நம் மரபணுவையே மாற்றப்போகிறார்கள் என்ற பயம் வேறு. எதை மாற்றுகிறார்கள், எதற்காக மாற்றுகிறார்கள் என்று அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

## ஸ்டெம் செல், சுருக்கமாக

நம் உடம்பில் பெரும்பாலான செல்கள் ஏற்கனவே ஒரு வேலையில் சேர்ந்துவிட்டவை. இதயத் தசைச் செல் சுருங்கி விரியும், நரம்புச் செல் செய்தி கடத்தும், அதை விட்டு வேறு வேலைக்குப் போகாது. எந்த வேலையிலும் இன்னும் சேராமல், தானும் பெருகி, தேவைப்பட்டால் வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடியதுதான் ஸ்டெம் செல். குருத்தணு என்றும் சொல்வார்கள், பொருத்தமான பெயர்.

எல்லா ஸ்டெம் செல்லும் ஒன்றல்ல. மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல் ரத்த அணுக்களை மட்டும்தான் உண்டாக்கும். கருவின் ஆரம்ப நாட்களில் உள்ளவை உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். 2006-இல் ஜப்பானில் ஷின்யா யமனாகா, எலியின் வளர்ந்த சாதாரணச் செல்லுக்கே நான்கு மரபணுக்களைக் கொடுத்து அந்த ஆரம்ப நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இப்படிப்பட்ட செல்களை ஆய்வகத்திலேயே நரம்புச் செல்லாகவோ இன்சுலின் சுரக்கும் செல்லாகவோ வளர்த்தெடுத்து, அதற்குப் பிறகுதான் உடம்புக்குள் வைக்கிறார்கள். அப்படி வைத்தாலும் பிழைக்கும் பிரச்சினை தீர்வதில்லை. பார்கின்சன் நோய்க்காக மூளையில் வைக்கப்படும் டோபமைன் நரம்புச் செல்களில் 5 முதல் 20 சதவீதம்தான் பிழைக்கும் என்பது இந்தத் துறையில் பல காலமாகத் தெரிந்த கணக்கு.

## பிடுங்கி நட்ட செடி

ஒரு செடியை வேரோடு பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் முதல் சில நாள் அது துவண்டு கிடக்கும். வேரில் பாதி அறுந்திருக்கும், புது மண் இன்னும் பிடிபட்டிருக்காது, வெயில் மட்டும் அதே வெயில். வேர் பிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போய்விடும். ஸ்டெம் செல்லுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். அதையும் நல்ல மண்ணில் நடுவதில்லை. மாரடைப்பு வந்த இதயத்தில், பக்கவாதம் வந்த மூளையில், அதாவது ஏற்கனவே செல்கள் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்.

ஒரே ஒரு செல்லோடு கூடவே போய்ப் பார்ப்போம். ஆய்வகத் தட்டில் அது அகலமாகக் கை கால் பரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்ட நேரத்தில் ஊட்டம், காற்றில் உள்ள அளவுக்கு, கிட்டத்தட்ட 20 சதவீதம், ஆக்சிஜன். சிகிச்சை நாளன்று ஒரு நொதியை ஊற்றி அதன் பிடிப்பைக் கரைத்து எடுக்கிறார்கள். பிடிப்பு போனதும் செல் உருண்டையாகச் சுருண்டுகொள்கிறது. அந்தக் கணமே அதற்கு ஆபத்துதான். நம் உடம்பில், சேர்ந்திருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பிரிந்து வந்த செல் செத்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இல்லாவிட்டால் குடல் செல் ரத்தத்தில் மிதந்து போய் நுரையீரலில் குடியேறிவிடுமே! இந்தச் சாவுக்கு அனோய்கிஸ் என்று பெயர், வீடில்லாமல் போவது என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து 1994-இல் உருவாக்கிய சொல்.

சரி, அதையும் தாண்டி மெல்லிய ஊசிக்குள் நெருக்கிப் பிழிந்து வெளியே வருகிறது. துடிக்கும் இதயத்தில் குத்திய துளை வழியாகவே கொஞ்சம் செல்கள் வெளியேறிவிடும், கொஞ்சம் ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போகும். ரத்த நாளம் வழியாகச் செலுத்தினால் பெரும்பகுதி நுரையீரலின் மெல்லிய குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும். தப்பி நின்ற நம் செல்லுக்கு இப்போது மூச்சுத் திணறல். ஆக்சிஜன் ரத்தக்குழாயிலிருந்து 100, 200 மைக்ரோமீட்டர் தூரம்தான் ஊறிப் பரவும், அதாவது ஒன்றிரண்டு முடியின் தடிமன் அளவு. செல்கள் ஒரு குவியலாக இறங்கியிருப்பதால் நடுவில் மாட்டியது பட்டினி. புது ரத்தக்குழாய் முளைத்து வரப் பல நாள் ஆகும். அதற்குள், அடிபட்ட இடத்தைச் சுத்தம் செய்ய ஓடிவரும் வெள்ளை அணுக்கள் கக்கும் ரசாயனங்கள் இதன் மேலும் படும். இதெல்லாம் கடந்து ஒன்றிரண்டு வாரம் தாக்குப்பிடித்தால், அந்நியர் ஒருவர் கொடுத்த செல்லாக இருக்கும்பட்சத்தில், நோய் எதிர்ப்பு அமைப்பு அடையாளம் கண்டு வந்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: செல் சாவதற்குக் காரணம் ஒன்றல்ல. பிடிப்பு இழப்பு, ஆக்சிஜன் இல்லாமை, அழற்சி, எதிர்ப்பு அமைப்பின் தாக்குதல் என்று நாலு தனித்தனிக் காரணங்கள், வேறு வேறு நேரத்தில் வருபவை. அதனால் மரபணு மாற்றமும் ஒன்றாக இருக்க முடியாது.

## மஜ்ஜை மாற்றம் மட்டும் எப்படிப் பலிக்கிறது?

நியாயமான கேள்வி. 1957-லேயே டொனால் தாமஸ் நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்திப் பார்த்தார், பின்னால் அதற்கு நோபலும் கிடைத்தது, இன்று அது வழக்கமான சிகிச்சை. காரணம், ரத்த ஸ்டெம் செல்லுக்கு வழி தெரியும். அதன் மேற்பரப்பில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஒரு வாங்கிப் புரதம் இருக்கிறது. மஜ்ஜை விடுகிற ரசாயன அழைப்பை அது பிடித்துக்கொண்டு, சாதாரண ரத்த நாளத்தில் ஏற்றினாலும் ரத்தத்தோடு சுற்றி வந்து மஜ்ஜைக்குள் இறங்கிவிடும். அங்கே மருந்து கொடுத்து முன்கூட்டியே இடமும் காலி செய்து வைத்திருப்பார்கள். போகிற இடம் அதன் சொந்த வீடு. மற்ற ஸ்டெம் செல்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் அவற்றுக்கும் இந்த வாங்கியைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்பது ஒரு தனி ஆய்வுப் பாதையாகவே ஓடுகிறது.

## செல் தானாகவே செத்துப்போகும் விதம்

அடிபட்டு நசுங்கிச் சாவது வேறு. இங்கே பெரும்பாலும் நடப்பது செல் தன்னைத் தானே கலைத்துக்கொள்வது. இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர், 1972-இல் வைத்தது. வெடித்துச் சிதறாமல், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல், உள்ளிருப்பதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போவது மாதிரி. நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான செல்கள் இப்படித்தான் விடைபெறுகின்றன, அது நல்லதும்கூட.

செல்லுக்குள் இதற்கான கட்டளை எப்போதுமே தயார் நிலையில் இருக்கும். "போதும், கலைத்துவிடு" என்று தள்ளும் புரதங்கள் ஒரு பக்கம், "பொறு, இன்னும் தாங்கலாம்" என்று இழுத்துப் பிடிக்கும் புரதங்கள் மறு பக்கம். பிசிஎல்-2 என்பது இழுத்துப் பிடிக்கும் பக்கத்தில் முக்கியமானது. ஏகேடி என்ற இன்னொன்று, வெளியிலிருந்து வரும் "நீ தேவைப்படுகிறாய்" என்ற சேதியை வாங்கி உள்ளே கடத்தி, சாவுப் பக்கத்தை அடக்கி வைக்கும். செல் நெருக்கடியில் இருக்கும்போது எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ அதுதான் முடிவு.

அப்படியென்றால் இழுத்துப் பிடிக்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் ஆள் சேர்த்துவிட்டால் என்ன? இந்தத் துறை முழுவதுக்கும் விதை இந்த யோசனைதான்.

## மரபணு மாற்றம் என்றால் யாருடைய மரபணு?

மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு. செல்லுக்குள் ஒரு குறிப்பைக் கூடுதலாக வைத்தால் அந்தப் புரதம் கூடும், ஒரு குறிப்பைக் கிழித்துவிட்டால் அது இல்லாமல் போகும். செய்வது இவ்வளவுதான். அதைச் செய்வது உடம்புக்கு வெளியே, ஆய்வகத் தட்டில் இருக்கும் செல்களில். நோயாளியின் மற்ற செல்களில் ஒரு எழுத்தும் மாறாது, பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவும் வழியில்லை. இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம் நடக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

வழிகள் மூன்று. நோய் உண்டாக்கும் பகுதியை நீக்கிய வைரஸில் குறிப்பை ஏற்றி அனுப்பலாம். அது செல்லின் மரபுத்தொகுப்பில் போய் ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகிவிடும். கிரிஸ்பர் என்ற மூலக்கூறு கத்தரியால் குறிப்பிட்ட இடத்தில் வெட்டலாம். அல்லது குறிப்பின் தற்காலிக நகலை மட்டும், அதாவது எம்ஆர்என்ஏவை, கொடுக்கலாம். சில நாளில் அது கரைந்துவிடும்.

## 2003-இல் ஒரு நம்பிக்கை, 2005-இல் ஒரு திருப்பம்

விக்டர் ஜாவ் என்பவரின் ஆய்வுக்குழு 2003-இல் எலும்பு மஜ்ஜையின் மீசென்கைமல் ஸ்டெம் செல்களில் (எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு போன்றவற்றை உண்டாக்கும் வகை) ஏகேடி மரபணுவை வைரஸ் மூலம் கூடுதலாக வைத்து, மாரடைப்பு உண்டாக்கிய எலிகளின் இதயத்தில் செலுத்தியது. சாதாரணச் செல் பெற்ற எலிகளைவிட இவற்றின் இதயம் வெகுவாகத் தேறியது. செல் பிழைத்தது, இதயத் தசையாக வளர்ந்தது, அதனால் குணம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் குணம் தெரிந்த வேகம் அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. மூன்று நாளுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது, புதுத் தசை வளர அது போதாது. 2005-இல் அவர்களே செல்களை விட்டுவிட்டு, அந்தச் செல்கள் வளர்ந்த நீரை மட்டும் எடுத்துச் செலுத்திப் பார்த்தார்கள். அதற்கே இதயத்தின் சேதம் குறைந்தது! செல் தசையாக மாறவில்லை, அது சுரந்த புரதங்கள் சுற்றியிருந்த இதயச் செல்களைச் சாகவிடாமல் காத்திருக்கின்றன.

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது, ஏனென்றால் "பிழைக்க வைப்பது" என்பதன் அர்த்தத்தையே இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டது. செல் அங்கேயே குடியிருந்து வேலை செய்ய வேண்டுமா, இல்லை சில நாள் இருந்து நல்லதைச் சுரந்துவிட்டுப் போனால் போதுமா? இன்சுலின் சுரக்கும் செல்லும் டோபமைன் நரம்பும் வருடக்கணக்கில் வாழ்ந்தாக வேண்டும். மாரடைப்பு இதயத்துக்குப் போகும் மீசென்கைமல் செல் ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கினாலே பெரிய உதவி. "ஸ்டெம் செல் உறுப்பை வளர்க்கும்" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், இதில் எந்த வகை என்று கேளுங்கள்.

## கண்ணில் படாமல் இருப்பது

செல் தானாகச் சாவதைத் தடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி நோய் எதிர்ப்பு அமைப்பு. நம் செல்கள் ஒவ்வொன்றும் எச்எல்ஏ என்ற அடையாளப் புரதத்தை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்குவது போல. அட்டை அந்நியமாக இருந்தால் டி செல்கள் என்ற காவலர்கள் தாக்குவார்கள். அதனால்தான் உறுப்பு மாற்றியவர்கள் வாழ்நாள் முழுக்க எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. ஸ்டெம் செல்லிலிருந்து செய்த இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள் என்று 2025-இல் முடிவு வெளியானது. மகத்தான செய்திதான், ஆனால் அந்த மருந்துகளைத் தொடர வேண்டும். தொற்று, சிறுநீரகச் சிக்கல் போன்ற பக்கவிளைவுகளோடு.

சரி, அட்டையையே கழற்றிவிடலாமே? பி2எம், சிஐஐடிஏ என்ற இரண்டு மரபணுக்களை வெட்டினால் எச்எல்ஏ வெளியே வராது, டி செல் கண்டுகொள்ளாது. ஆனால் உடம்பு அவ்வளவு எளிதில் ஏமாறாது. அட்டையே இல்லாதவனைப் பிடிப்பதற்கென்று என்கே செல்கள் என்று இன்னொரு காவல்படை உண்டு! அதனால் மூன்றாவதாக சிடி47 என்ற புரதத்தைக் கூட்டிவிடுகிறார்கள். "என்னைத் தின்னாதே" என்று விழுங்கும் அணுக்களுக்குச் சொல்லும் சமிக்ஞை அது, என்கே செல்களையும் தணிக்கிறது. இரண்டைக் கழித்து ஒன்றைக் கூட்டும் இந்த முறையை சோன்யா ஷ்ரெப்ஃபர், டோபியாஸ் டாய்ஸ் குழுவினர் 2019-இல் ஸ்டெம் செல்களில் செய்து காட்டினார்கள்.

மனிதரில்? சுவீடனின் உப்சாலாவில் டைப் 1 நீரிழிவு உள்ள ஒருவருக்கு, இப்படி மாற்றிய இன்சுலின் செல்களை முன்கைத் தசையில் ஊசியால் வைத்தார்கள். இவை ஸ்டெம் செல்லிலிருந்து வந்தவை அல்ல, இறந்த ஒருவர் தானம் தந்த கணையச் செல்கள், ஆனால் மாற்றம் அதேதான். அடக்கும் மருந்து எதுவும் தரவில்லை. மரபணு மாற்றம் நூறு சதவீதம் கச்சிதமாக நடப்பதில்லை என்பதால் அந்தக் கலவையில் மூன்று விதச் செல்கள் இருந்தன: மாற்றமே ஏறாதவை, அட்டை மட்டும் கழன்றவை, மூன்று மாற்றமும் ஏறியவை. முதல் இரண்டையும் அவர் உடம்பு தாக்கியது. மூன்றாவது வகையைத் தொடவில்லை, 12 வாரத்துக்குப் பிறகும் அவை இன்சுலின் சுரந்துகொண்டிருந்தன. வைத்த அளவு சிறிது என்பதால் அவர் இன்சுலின் ஊசியைத் தொடர வேண்டியிருந்தது, ஒரே ஒரு ஆள் வேறு. ஆனாலும் ஒரே கையில், ஒரே நேரத்தில், மூன்று வகைக்கும் என்ன நேர்ந்தது என்று பார்க்கும்போது, எந்த மாற்றம் உயிரைக் காத்தது என்பதில் சந்தேகமே வருவதில்லை.

சுருக்கிச் சொன்னால், பிழைக்க வைக்கும் மாற்றங்கள் இரண்டு ரகம்: செல்லுக்குள் சாவுக் கட்டளையை இழுத்துப் பிடிப்பவை, வெளியே காவலர்களிடமிருந்து மறைப்பவை. இரண்டுக்கும் ஒரே விலை இருக்கிறது, அடுத்து அதுதான்.

## சாகாத செல் நமக்கு வேண்டுமா?

பிசிஎல்-2 என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கிலத்தில் பி செல் லிம்ஃபோமா என்பதன் சுருக்கம், அதாவது ஒரு ரத்தப் புற்றுநோயில்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புற்றுச் செல்களில் மரபுத்தொகுப்பின் இரண்டு துண்டுகள் இடம் மாறி ஒட்டியதில் பிசிஎல்-2 ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. நாம் ஸ்டெம் செல்லில் வேண்டிச் செய்வதைப் புற்றுநோய் தற்செயலாகச் செய்துவைத்திருக்கிறது. ஏகேடியும் பல புற்றுநோய்களில் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ரத்தப் புற்றுச் செல்கள் சிடி47-ஐக் கூட்டிக்கொண்டுதான் ஒளிந்துகொள்கின்றன.

ஆய்வகத் தட்டில் நாம் ஒன்றும் செய்யாமலேகூட இது நடக்கிறது. மாதக்கணக்கில் வளர்க்கப்படும் மனித ஸ்டெம் செல்களில் 20-ஆம் குரோமோசோமின் ஒரு சின்னப் பகுதி அடிக்கடி இரட்டிப்பாகிவிடுகிறது. உலகின் பல ஆய்வகங்களிலும் அதே பகுதிதான். அதில் இருப்பது பிசிஎல்-2-வின் நெருங்கிய உறவுப் புரதமான பிசிஎல்-எக்ஸ்எல். அது கூடிய செல் சாகாமல் தங்க, மற்றவை செத்து இடம் விட, கொஞ்ச நாளில் தட்டு முழுக்க அதுவே. அதனால்தான் சிகிச்சைக்கு அனுப்பும் முன் செல்களின் குரோமோசோம்களைச் சோதிக்கிறார்கள்.

குறிப்பை ஏற்றும் வழியிலும் ஆபத்து உண்டு. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கு 1999 முதல் பாரிஸிலும் பிறகு லண்டனிலும் ரத்த ஸ்டெம் செல்களில் மரபணு ஏற்றிச் சிகிச்சை கொடுத்தார்கள். மொத்தம் 20 குழந்தைகள். பெரும்பாலோர் தேறினார்கள், ஆனால் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, ஒரு குழந்தை இறந்துபோனது. அவர்களில் பெரும்பாலோரிடம் வைரஸ் தன் சரக்கை எல்எம்ஓ2 என்ற வளர்ச்சி மரபணுவின் பக்கத்தில் போய் இறக்கி, அதை முடுக்கிவிட்டிருந்தது. குணமாக்கப் போன இடத்தில் நடந்தது இது. அன்றிலிருந்து வைரஸ்களின் வடிவமைப்பையே மாற்றினார்கள்.

## கொஞ்ச நாளைக்கு மட்டும்

அதனால் இன்றைய உழைப்பில் பெரும்பகுதி, பிழைக்க வைப்பதைவிட அளவோடு பிழைக்க வைப்பதில்தான் போகிறது. சாவு நெருக்கும் முதல் வாரத்துக்கு மட்டும் போதுமென்றால் எம்ஆர்என்ஏ போதும். நிரந்தர மாற்றம் தேவையென்றால் கூடவே ஒரு அணைப்பு விசையை வைக்கலாம். கேஸ்பேஸ்-9 என்பது அப்போப்டோசிஸைத் தொடங்கி வைக்கும் புரதங்களில் ஒன்று. ஒரு குறிப்பிட்ட மருந்து வந்தால்தான் விழிக்கும்படி அதைத் திருத்தி செல்லுக்குள் வைத்துவிடுவார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளுக்குக் கொடுத்த டி செல்கள் அவர்கள் உடலையே தாக்கத் தொடங்கியபோது அந்த மருந்தை ஒரு தடவை கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் மாற்றிய செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் இதையே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

இன்னொரு பாதை இதைவிட எளிமையானது. 2024-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், டோபமைன் நரம்புச் செல்கள் மூளையில் வைத்ததும் ஏன் சாகின்றன என்று தேட கிரிஸ்பரைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு மரபணுவை வெட்டி, எலியின் மூளையில் வைத்து, எந்த மரபணு வெட்டப்பட்ட செல் பிழைக்கிறது என்று பார்த்தார்கள். பி53 வெட்டப்பட்டவை பிழைத்தன. பி53 என்பது சேதமான செல்லைச் சாகச் சொல்லும் புரதம். மனிதப் புற்றுநோய்களில் பாதியில் அது பழுதாகியிருக்கும், எனவே அதை வெட்டிய செல்லை யாருடைய மூளையிலும் வைக்க முடியாது. அதோடு நிறுத்தாமல், பி53-ஐத் தூண்டுவது யார் என்று பின்னோக்கிப் போனார்கள். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் அங்கே இருந்தது. டிஎன்எஃபைத் தடுக்க அடலிமுமாப் என்ற மருந்து மூட்டு அழற்சிக்காக 2002-இன் கடைசியிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல்களை வைக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மரபணுவைக்கூடத் தொடாத செல்கள் முன்பைவிட அதிகமாகப் பிழைத்தன.